சுகமாக நிற்கும் மாட்டின் வயிற்றில் மருந்துக்கு மசியாத கிருமி: வன்னிப் பண்ணையாளர் கேட்ட கேள்விகள்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 11 வருடமாகக் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வேலை செய்கிறேன். பட்டிக்கோ கோழிக்கூட்டுக்கோ சாணமும் எச்சமும் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வேலியோரம் நின்று அவசரமாகச் சொல்லும் பதில் எனக்கே போதாமல் இருக்கிறது. அதனால் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை எழுதி, என்னால் முடிந்த அளவு விளக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

“பிள்ளை, என்ர மாடு நல்லாத்தானே நிக்குது. வருத்தமில்லாத மாட்டின்ர சாணியை ஏன் கொண்டுபோறியள்?”

வருத்தம் வந்த மாட்டை மட்டும் பார்த்தால் கணக்குப் பிழைத்துவிடும். எங்களைக் கூப்பிடுகிற நேரத்தில் அந்த மாட்டுக்கு யாரோ ஏற்கெனவே இரண்டு ஊசி போட்டிருப்பார்கள். அதன் வயிற்றில் மிஞ்சி நிற்பவை அந்த ஊசிக்குத் தப்பிய கிருமிகள். ஊரில் உள்ள எல்லா மாட்டின் நிலையும் அதுதான் என்று சொல்ல முடியாது.

பால் தருவதும், சந்தைக்குப் போவதும், இறைச்சியாவதும் சுகமான மிருகம்தான். வயலுக்கும் முற்றத்துக்கும் வருவதும் அதன் சாணம்தான். சுகமான மிருகத்தின் குடலில் எப்போதும் இருக்கும் ஈ.கோலை என்ற சாதாரணப் பற்றீரியாவை எடுத்து, எந்த மருந்துக்கு அது சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்த்தால், அந்த ஊரில் இத்தனை வருடமாக அன்ரிபயோட்டிக் எப்படிப் புழங்கியது என்பது தெரிந்துவிடும். டென்மார்க்கில் 1995 முதல் இதை ஒழுங்காகச் செய்துவருகிறார்கள்.

“வயித்துக்குள்ள கிருமி இருக்கெண்டால் அது வருத்தம்தானே?”

இல்லை. உங்கள் குடலிலும் என் குடலிலும் ஈ.கோலை இருக்கிறது. ஒரு கிராம் சாணத்தில் இலட்சக்கணக்கில் இருக்கும். அதில் மிகப் பெரும்பாலானவை ஒரு தீங்கும் செய்யாமல் குடலில் வாழ்ந்துவிட்டுப் போகின்றன. சில வகைகள் மட்டும் வயிற்றோட்டம் தரும். குடலில் சும்மா இருந்த ஒன்று சிறுநீர்ப்பாதைக்கோ இரத்தத்துக்கோ போய்விட்டாலும் வருத்தமாகும்.

“மருந்துக்குப் பழகிப்போறதெண்டால் மாட்டின்ர உடம்பு பழகிப்போறதுதானே?”

இதைத்தான் ஆகக் கூடுதலான பேர் கேட்கிறார்கள். மாடு எதற்கும் பழகவில்லை. மாறுவது கிருமிக் கூட்டம்.

ஒரே களைநாசினியை வருடக்கணக்காக அடித்த வயலைப் பார்த்திருப்பீர்கள். முதல் போகத்தில் களை கருகும். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். கடைசியில் மருந்து அடித்த மறுவாரமே பச்சையாக நிற்கும். மருந்துக்கு மசியாத சில செடிகள் தொடக்கத்திலேயே அங்கே இருந்தன. மற்றவை செத்ததும் இடம் முழுக்க அவற்றுக்குக் கிடைத்தது. குடலிலும் அதேதான் நடக்கிறது. நல்ல சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கொருமுறை இரட்டிப்பாகும். ஒரு போகத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை, ஒரு வாரம் போதும்.

“நான் ஒருநாளும் அன்ரிபயோட்டிக் போட்டதில்லை. அப்ப என்ர மாட்டில இருக்காதுதானே?”

குறைவாக இருக்கும், ஆனால் அறவே இல்லையென்று சொல்ல மாட்டேன். காலபோகத்தில் காட்டோரம் மேய்ந்து, அறுவடைக்குப் பிறகு அரிதாளில் மேயும் நாட்டு மாட்டின் பட்டியும், கூட்டில் அடைத்து 35, 40 நாளில் இறைச்சிக்கு அனுப்பும் கோழியும் ஒன்றல்ல. இருந்தாலும் உங்கள் மாடு தண்ணீர் குடிக்கும் குளத்தில்தான் மற்றவர்களின் மாடும் இறங்குகிறது. காகமும் கொக்கும் எல்லாக் காணிக்கும் போய்வருகின்றன.

இன்னொரு காரணம் இன்னும் பழையது. நாம் பாவிக்கும் அன்ரிபயோட்டிக்குகளில் பல மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து வந்தவை. ஸ்ரெப்ரோமைசின் 1943இல் கிடைத்தது எருப் போட்ட வயல் மண்ணிலிருந்தும் ஒரு கோழியின் தொண்டையிலிருந்தும் எடுத்த நுண்ணுயிரில். மருந்தைச் செய்யும் நுண்ணுயிர் மண்ணில் இருந்தால் அதற்குத் தப்பும் வழியும் மண்ணில் இருக்கும். கனடாவின் யூக்கோன் பகுதியில் 30,000 வருடம் பழைய உறைமண்ணிலேயே அப்படிப்பட்ட மரபணுக்களைக் கண்டிருக்கிறார்கள். மனிதன் அவற்றை உண்டாக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததைப் பெருக்கிவிட்டது நம் பாவனை.

“கோழித் தீனிலேயே மருந்து கலந்து வாறதெண்டு சொல்லினமே, ஏன் கலக்கிறவை?”

1940களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு விடயத்தைக் கவனித்தார்கள். குளோர்ரெட்ராசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக்கை எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையைத் தின்ற கோழிக்குஞ்சு விரைவாகப் பருத்தது. அதிலிருந்து வருத்தமே இல்லாத கோழிக்கும் பன்றிக்கும் நாள்தோறும் சிறிய அளவில் மருந்து போடும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. கிருமியை முழுதாகக் கொல்லாத, ஆனால் நாள் தவறாமல் போகும் அளவு அது. மசியாத கிருமியைப் பெருக்க அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைக்காது.

பிரித்தானியாவில் 1969இல் ஸ்வான் குழுவின் அறிக்கை இதைப்பற்றி எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீனில் அன்ரிபயோட்டிக் கலப்பதை 2006 ஜனவரி 1 முதல் முற்றாக நிறுத்தியது. வருத்தமில்லாத மிருகங்களுக்கு வளர்ச்சிக்கோ தடுப்புக்கோ கொடுக்க வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் சொன்னது. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: தீன் சாக்கில் தைத்திருக்கும் துண்டை வாசியுங்கள், வாசிக்க முடியாவிட்டால் எனக்குக் காட்டுங்கள். குஞ்சும் தீனும் தந்து கோழியைத் திரும்ப வாங்கும் கம்பனியோடு ஒப்பந்தமென்றால், தண்ணீரில் போடத் தரும் பைக்கற்றின் பெயரைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

“கோழிக்குக் குடுத்த மருந்து என்ர வயித்துக்கு எப்பிடி வரும்?”

மருந்து வரத் தேவையில்லை, கிருமி வந்தால் போதும். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் ஸ்ருவர்ட் லெவி என்ற மருத்துவர் ஒரு குடும்பப் பண்ணையில் இதை நேரடியாகப் பார்த்தார். சில குஞ்சுகளுக்கு ரெட்ராசைக்கிளின் வகை அன்ரிபயோட்டிக்கான ஒக்சிரெட்ராசைக்கிளின் கலந்த தீன், மற்றவற்றுக்கு வெறும் தீன். ஓரிரு வாரத்துக்குள் மருந்துத் தீன் தின்ற குஞ்சுகளின் குடலில் மசியாத ஈ.கோலை நிறைந்துவிட்டது. சில மாதங்களில், அந்தத் தீனைத் தொட்டும் தின்னாத பண்ணைக் குடும்பத்தவரின் குடலிலும் அது தெரிந்தது. அயலவர்களிடம் அப்படிக் கூடவில்லை. போகப்போக அந்தக் கிருமிகள் ரெட்ராசைக்கிளினுக்கு மட்டுமல்ல, தீனில் இல்லாத வேறு மருந்துகளுக்கும் மசியாமல் நின்றன. இது வெளியானது 1976இல். அந்தக் கடைசி விடயத்துக்குக் கீழே திரும்ப வருகிறேன்.

நம் ஊரில் வழி எது? கை, செருப்பு, கூட்டுத் தூசி, எச்சம் ஓடும் தண்ணீர். ஆனால் நான் ஆகக் கூடுதலாகப் பயப்படுவது கிணற்றுக்கட்டுக்குத்தான். கோழியை உரித்து அங்கேயே வைத்துக் கழுவுகிறோம், அந்தத் தண்ணீர் கட்டில் தெறிக்கிறது, அதே கட்டில் குழந்தையைக் குளிப்பாட்டுகிறோம், கயிறும் வாளியும் திரும்பக் கிணற்றுக்குள் இறங்குகின்றன. தயவுசெய்து கோழி கழுவுவதைக் கிணற்றடியிலிருந்து தள்ளி வையுங்கள்.

“நல்லாக் காய்ச்சி, நல்லா அவிச்சுத்தானே தின்னுறம். பிறகென்ன?”

அது நம் சமையலின் பெரிய பலம். இறைச்சியின் நடுப்பகுதி வரை 70 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் மசியாத கிருமியும் மற்றதைப் போலவே சாகும். மருந்துக்குத் தப்பும், நெருப்புக்குத் தப்பாது. கொதித்த பாலும் அப்படியே.

பிழை நடப்பது அடுப்பில் வைப்பதற்கு முன். கோழி வெட்டிய கத்தியாலேயே வெங்காயமும் தக்காளியும் சம்பலுக்கு அரிந்தால், கறி அவியும், சம்பல் அவியாது. சம்பலை முதலில் செய்து மூடி வையுங்கள், கோழியைப் பிறகு எடுங்கள். கை, கத்தி, பலகை மூன்றுக்கும் சவர்க்காரம் போடுங்கள்.

“பாலில மருந்து மிச்சம் எண்டுறதும் உந்த மசியாத கிருமியும் ஒண்டுதானே?”

இரண்டு வேறு. மருந்து மிச்சம் என்பது ஊசி மருந்து பாலிலோ இறைச்சியிலோ தங்குவது. கொதிக்க வைத்தாலும் அது முழுதாகப் போகாது. அதற்காகத்தான் மருந்துச் சீசாவின் லேபிளில் இத்தனை நாள் பாலை விற்கக் கூடாது, இத்தனை நாள் இறைச்சிக்கு வெட்டக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். மசியாத கிருமி உயிருள்ளது, கொதித்தால் சாகும், ஆனால் கொதிக்காத வழியில் வந்தால் பெருகும்.

தயிர் போடும் வீடுகளுக்கு மருந்து மிச்சம் உடனே தெரியும். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு அம்மா, எருமைத் தயிர் மூன்று நாளாக உறையவில்லை, உறைமோரைத்தான் மாற்ற வேண்டுமோ என்று கேட்டார். ஒரு எருமைக்கு மடி வீக்கத்துக்கு மருந்து ஏற்றி, பாலைச் சேர்த்தே ஊற்றியிருந்தார்கள். உறைமோரில் இருக்கும் நல்ல பற்றீரியாவை அந்த மருந்து கொன்றுவிட்டது. அந்தச் சட்டியைப் பார்த்தபிறகு அந்த வீட்டில் யாருக்கும் நான் வேறு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அப்ப அந்தப் பாலை வீணாக்காமல் கன்றுக்குக் குடுத்தால் நட்டமில்லைத்தானே?”

பாலைக் கொட்ட மனம் வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வேண்டாம். அந்தப் பாலில் இருக்கும் சிறிய அளவு மருந்து, தீனில் கலப்பதைப் பற்றி மேலே சொன்ன அதே வேலையைக் கன்றின் குடலில் செய்யும். மருந்து பாலில் இருக்கும் நாள்களில் அதைக் குழி வெட்டிக் கிணற்றுக்கும் குளத்துக்கும் தள்ளி ஊற்றுங்கள்.

கன்றுக்கு வேண்டியது கடும்புப் பால். பிறந்த சில மணித்தியாலத்துக்குள், தன் எடையில் பத்தில் ஒரு பங்கு. 20 கிலோக் கன்றுக்கு 2 லீற்றர். அதை நேரத்துக்குக் குடித்த கன்றுக்கு வயிற்றோட்டம் குறைவு, ஊசியும் குறைவு. விற்பதற்காகக் கடும்பை முழுக்கக் கறந்துவிட்டுப் பிறகு கன்றுக்கு மருந்து தேடுவதைக் கண்டால் எனக்கு மனம் தாங்குவதில்லை.

“பார்மசியில அமொக்சிலின் கப்சூல் வாங்கிக் கோழித் தண்ணியில போட்டன், சுகப்பட்டிட்டுது. பிறகேன் வேண்டாமெண்டுறியள்?”

சுகப்பட்டது சந்தோஷம். ஆனால் கப்சூலால்தானா என்று சொல்ல முடியாது. கோழிகளை மொத்தமாகச் சாய்க்கும் நியூகாசில், கம்போரோ இரண்டும் வைரசு. மாட்டில் கால் வாய் நோயும், 2020 முதல் இங்கே பரவிய தோல் கழலை நோயும் வைரசு. அன்ரிபயோட்டிக் வைரசைத் தொடாது. புண்ணில் பிறகு பற்றீரியா ஏறினால்தான் மாட்டு டொக்டர் அதைத் தருவார். குஞ்சு இரத்தமாகக் கழிவது பெரும்பாலும் கொக்சிடியா என்ற ஒட்டுண்ணி. அதற்கு மருந்தே வேறு.

தண்ணீரில் கரைத்தால் எந்தக் கோழி எவ்வளவு குடித்தது என்றும் தெரியாது. வருத்தமான கோழி தண்ணீர் குடிப்பதே குறைவு, மருந்தை முழுக்கக் குடிப்பது சுகமான கோழி. வளர்ந்த மாட்டுக்கு வாயால் கொடுப்பது இன்னும் மோசம். வைக்கோலைச் செரிக்க வைப்பதே அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான். அவற்றைக் கொன்றால் மாடு தீனை விட்டு நிற்கும்.

“மூண்டு நாள் ஊசி எண்டவர். ஒரு ஊசியோட மாடு எழும்பிட்டுது. மிச்சத்தை அடுத்த மாட்டுக்கு வைக்கலாமோ?”

வைக்க வேண்டாம். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே, குறைந்த அளவில் பாவித்தால் கிருமி தப்பப் பழகிவிடும் என்று எச்சரித்தார். தொற்று முழுதாக அடங்கும் முன் நிறுத்தினால் மாடு திரும்பவும் விழும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாள் கூடக் கூடக் குடலில் உள்ள மற்றக் கிருமிகளுக்கும் மருந்து போய்க்கொண்டே இருக்கும். அதனால் சில வருத்தங்களுக்கு முன்பு கொடுத்ததைவிடக் குறைந்த நாளே போதும் என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாளைக் குறைப்பதென்றால் மாட்டைப் பார்த்த டொக்டர் குறைக்கட்டும். நீங்களும் குறைக்க வேண்டாம், நல்லதுக்கென்று இரண்டு நாள் கூட்டவும் வேண்டாம். எஞ்சிய சீசா வெயிலில் கிடந்து வீரியம் போய், அடுத்த மாட்டுக்கு அரைகுறை அளவாகத்தான் போகும்.

“கோழி எருவைக் கத்தரிக்குப் போடுறம், பட்டியை வயல்ல அடைக்கிறம். அதுவும் பிழையோ?”

பிழையில்லை. பட்டி அடைத்த வயலின் விளைச்சலை நான் குறைசொல்ல மாட்டேன். நெல்லை நாம் பச்சையாகத் தின்பதுமில்லை. கவனம் வேண்டியது கூட்டிலிருந்து நேரே அள்ளிவந்த கோழி எரு, அதுவும் கீரை, சலாட் இலை, வெங்காயம் போலப் பச்சையாகத் தின்னும் பயிருக்கு.

எருவைக் குவித்து, ஈரம் காத்து, புரட்டிப் புரட்டிக் கூட்டெருவாக்குங்கள். குவியலின் உள்ளே 55 பாகைக்கு மேல் சில நாள் சூடு நின்றால் குடல் கிருமிகளில் பெரும்பங்கு செத்துவிடும். உள்ளே ஒரு இரும்புக் கம்பியைக் குத்திவைத்து, இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்க முடியாத சூடு இருக்க வேண்டும். எல்லா மரபணுவும் அழியும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பச்சை எருவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம்.

“ஒரு பேப்பரில பத்து வீதம், இன்னொண்டில எண்பது வீதம் எண்டு போடுறாங்கள். எது உண்மை?”

இரண்டும் உண்மையாக இருக்கலாம், எப்படி எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு முறையில், ஒவ்வொரு மிருகத்தின் சாணத்தையும் மருந்து சேர்க்காத தட்டில் வளர்த்து, ஒரே ஒரு ஈ.கோலையை எடுத்து, மருந்து வில்லைகளைச் சுற்றி அது வளர்கிறதா என்று பார்ப்பார்கள். 100 மிருகத்தில் 10 மிருகத்தின் ஈ.கோலை மசியவில்லையென்றால் 10 வீதம். எண்ணற்ற கிருமிகளில் கண்ணுக்குப் பட்ட ஒன்றின் கதை அது.

மற்ற முறையில் தட்டிலேயே மருந்தைக் கலந்துவிடுவார்கள். மசியும் கிருமி ஒன்றும் முளைக்காது. பத்தாயிரத்தில் ஒன்று மசியாததாக இருந்தாலும் அது மட்டும் முளைத்து நிற்கும், அந்த மிருகம் “உண்டு” என்ற கணக்கில் சேரும். அதே பட்டிக்கு அப்போது 80 வீதம் வரலாம். உலக சுகாதார நிறுவனம் மனிதர், உணவு மிருகம், சுற்றாடல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் திட்டத்தில், செபலோஸ்போரின் என்ற அன்ரிபயோட்டிக் வகையை உடைக்கும் ஈ.கோலையைத் தேடுவது இந்த இரண்டாவது வழியில்தான். எந்த வீதத்தைப் பார்த்தாலும் எந்த மருந்து, எந்தத் தட்டு என்று கேளுங்கள். 80 வீதம் என்றால் கோழியின் குடலில் நூற்றுக்கு 80 கிருமி கெட்டது என்று அர்த்தமே இல்லை.

“கொலிஸ்ரின் எண்ட ஒண்டைப் பற்றி மட்டும் ஏன் உவ்வளவு பயப்பிடுறியள்?”

வேறு எதுவும் பிடிக்காத தொற்றுக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் அது ஒன்று. சிறுநீரகத்துக்குக் கெடுதி செய்யும் என்று மனிதருக்குக் குறைத்து, மிருகத் தீனுக்குத் தாராளமாகப் போட்டார்கள். 2015இல் சீனாவில், பன்றியில் இருந்த ஈ.கோலையில் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணுவைக் கண்டார்கள். அது கொலிஸ்ரினிலிருந்து கிருமியைக் காக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், அது ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும். அயல்வீட்டுக்கு விதைநெல் கைமாற்றாகக் கொடுப்பதுபோல, பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் வைத்து, வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும். சீனா 2017இல் வளர்ச்சிக்காக அதைத் தீனில் கலப்பதை நிறுத்தியது. இந்தியா 2019இல் உணவு மிருகங்களுக்கு அதைத் தடைசெய்தது.

லெவியின் கோழிகளில் தீனில் இல்லாத மருந்துக்கும் கிருமி மசியாமல் போனதும் இதனால்தான். ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துக்கான மரபணு சேர்ந்து பயணிக்கும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கோழிக்கும் மாட்டுக்கும் பாவிக்கும் என்ரோபுளொக்சசின் உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பங்கு சிப்ரோபுளொக்சசினாக மாறுகிறது. உங்கள் அம்மாவின் சிறுநீர்த் தொற்றுக்கு டொக்டர் எழுதும் அதே மருந்து.

“ஆஸ்பத்திரியிலதான் அளவில்லாமல் அன்ரிபயோட்டிக் குடுக்கினம். பழியை ஏன் மாட்டுக்காரன்ர தலையில போடுறியள்?”

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மனிதருக்கு வரும் மசியாத தொற்றுகளில் மனிதரின் மருந்துப் பாவனைக்குத்தான் பெரும்பங்கு. தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் நாமே கேட்டு வாங்கும் கப்சூலும் அதில் சேரும். 2019இல் மட்டும் உலகில் 12.7 இலட்சம் பேர் மசியாத பற்றீரியாவாலேயே இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனையையும் பட்டியின் தலையில் கட்டினால் அது பொய்க் கணக்கு. ஆனால் பட்டிக்குப் பங்கே இல்லையென்றாலும் பொய்தான். மசியாத கிருமிகளைச் சமாளிக்க இலங்கை வகுத்த 2017–2022 தேசியத் திட்டமும் மனித சுகாதாரம், கால்நடை இரண்டையும் சேர்த்தே பேசியது.

“என்ர வயித்திலயும் உது இருந்தால் நான் மருந்து குடிக்கோணுமோ?”

வேண்டாம். சும்மா குடியிருக்கும் கிருமிக்கு மருந்து குடித்தால் அதற்கு இடம் இன்னும் கூடும். வருத்தம் வந்து டொக்டரிடம் போனால், வீட்டில் கோழிப்பண்ணை உண்டு, பட்டி உண்டு என்று மட்டும் சொல்லுங்கள்.

“மருந்தை நிப்பாட்டினால் சரியாகிவிடுமோ? பக்கத்துக் காணிக்காரன் நிப்பாட்டேல்லையே.”

குறையும், ஆனால் எவ்வளவு குறையும் என்பது வேறு எதைப் பாவிக்கிறீர்கள் என்பதிலும் தங்கியிருக்கிறது. டென்மார்க் 1995இல் அவோபார்சின் என்ற தீன் மருந்தைத் தடைசெய்தது. அந்த வருடம் இறைச்சிக்கோழிகளில் எடுத்த ஒருவகைக் குடல் கிருமியில் 100க்கு 70க்கு மேல், அந்த மருந்தின் உறவு மருந்தான, மனிதருக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் வன்கோமைசினுக்கு மசியவில்லை. 2000இல் அது 6க்கும் கீழ் வந்தது. ஆனால் பன்றிகளில் முதல் சில வருடம் அசையவில்லை. அவற்றுக்கு ரைலோசின் என்ற இன்னொரு மருந்து போய்க்கொண்டிருந்தது, இரண்டுக்குமான மரபணு ஒரே வளையத்தில் இருந்தது. ரைலோசினும் நின்ற பிறகுதான் பன்றிகளிலும் இறங்கியது. ஒரு மருந்தை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதை நிறுத்துவதாக எண்ண வேண்டாம்.

பக்கத்துக் காணியைப் பற்றி: லெவி பார்த்த பண்ணையில் மருந்துத் தீனை எடுத்து ஆறு மாதத்துக்குப் பிறகு சோதித்த 10 பேரில் 8 பேரிடம் ரெட்ராசைக்கிளினுக்கு மசியாத கிருமி கண்டுபிடிக்கும் அளவில் இல்லை. அமெரிக்காவின் மற்றப் பண்ணைகள் அப்போது மருந்துத் தீனை நிறுத்தியிருக்கவில்லை. அதனால் உங்கள் வீட்டாருக்கும் பலன் உண்டு என்று நம்பித்தான் சொல்கிறேன். அவருடைய கூட்டுக் கழிவு உங்கள் கிணற்றுப் பக்கம் ஓடிவந்தால், மாரிக்கு முன் அவரோடு இருந்து கதையுங்கள். வாய்க்காலை வெட்டித் திருப்ப இரண்டு பேருக்கு ஒரு பகல் போதும். நான் வந்துதான் கதைக்க வேண்டுமென்றால் வருகிறேன்.